வெள்ளைச் சட்டைக்குப் பின்னால்

நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் என்று ஒன்றுதான் இருக்கிறது. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. ஸ்டேட்டஸில் வைக்கவில்லை. இதுவரை அதைப் பார்த்த வெளியாள் வேலூரில் இருக்கும் கண் டாக்டர் ஒருவர்தான். அவர் படத்தைப் பாராட்டவில்லை. போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, என் மகளின் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் போட்டோகிராபர் இல்லை. ஜமுனாமரத்தூரில் ஒரு புளி மண்டியில் எடை பார்க்கிறவன். சொந்த ஊர் கீழே, கலசப்பாக்கம் பக்கம். நடுவில் சில வருடம் திருவண்ணாமலையில் இருந்தோம். அங்கேதான் மகள் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்தாள். எனக்கு மண்டி வேலை கிடைத்து ஜவ்வாது மலைக்குக் குடி வந்தபோது, அவள் துணிமணிக்கு முன்னால் ஸ்கேட் ஷூவைத்தான் பையில் வைத்தாள். மலையில் அதை எங்கே போட்டு ஓடுவது என்று நானும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

வந்த பிறகு இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டிப் போகும் சாலையில் ஒரு பகுதிக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். மழமழவென்று இருக்கும். ஒரு பக்கம் மலை ஏறும், மறுபக்கம் காடு சரிந்து கீழே போகும். தடுப்புச் சுவர் சில வளைவுகளில் இருக்கும், சில வளைவுகளில் இருக்காது. பஸ் எப்போதாவது வரும். அவளைத் தனியாக விட முடியாது என்பதால் நான் சைக்கிளில் கூடப் போனேன். சும்மா கூட வருகிற அப்பாவை என்ன செய்வது? கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள்.

முதலில் நான் எடுத்த படங்களைப் பார்த்திருந்தால் யாரும் என்னை வீட்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். கால் இருந்தால் தலை இருக்காது. இரண்டும் இருந்தால் இரண்டும் கலங்கியிருக்கும். ஒரு படத்தில் என் கட்டை விரல் மட்டும் நன்றாக, ரேகை தெரிய விழுந்திருந்தது.

"இன்னாப்பா இது, புளி மூட்டையா நானு? நடுவுல தூக்கி வெச்சிருக்கீங்க. நான் போற பக்கம் கொஞ்சம் எடம் வுடுங்க."

அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஓடுகிறவளுக்கு முன்னால் இடம் விட வேண்டும். அவள் வேகத்துக்கே போனையும் நகர்த்தினால் அவள் தெளிவாக நிற்பாள், பின்னால் இருக்கும் மரங்கள்தான் கோடு கோடாக ஓடும். திரையில் கட்டம் போடும் வசதியை அவளே போட்டுக் கொடுத்தாள். கிளம்புவதற்கு முன் லென்ஸைச் சட்டையில் துடைக்க வேண்டும். புளி மண்டிக்காரன் விரல் பட்ட லென்ஸ் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் படம் வரிசையாக விழும், அதில் ஒன்றாவது தேறும். நின்றபடி எடுத்தால் ஆள் குட்டையாகத் தெரிவாள், தரையோடு தரையாகப் போனை வைத்தால் வானத்தில் ஓடுகிறவள் போலத் தெரிவாள். ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் போன் என்று சைக்கிள் ஓட்டிக்கொண்டே எடுக்கவும் பழகிவிட்டேன். எனக்கே என்னைப் பார்த்தால் பெருமையாக இருந்தது.

இப்போது என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் குடும்பத்து ஆண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்து ஆண்கள் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் நடுவில் இது பெரிய பேர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, விளக்கு வைக்கும்போது வீட்டில் இருப்பார்கள் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பெண் கேட்பார்கள். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெரியப்பாவுக்குச் சாமி விளக்கை அவரே ஏற்ற வேண்டும். என் தாய்மாமனுக்கு வயிறு சரியில்லை, இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டாக வேண்டும். அந்தத் தாய்மாமன்தான் என் மாமனார். நாங்கள் வெளியில் பெண் எடுப்பது அபூர்வம். என் அப்பாவும் அம்மாவும்கூட முறைப்பிள்ளைகள்தான்.

மாமனார் சாயங்காலத்தில் வாசலிலிருந்து கட்டிலுக்குப் போகும்போது கைகள் இரண்டையும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு போவார். தோள் துண்டைச் சரி செய்வது போல இருக்கும். சின்ன வயதில் நான் அப்படி நடந்து காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பிறகு எனக்கே முப்பது வயதைத் தாண்டி அந்தக் கை வந்தது. அப்போதுதான் அது துண்டு விஷயம் இல்லை என்று புரிந்தது. புரிந்தும் நான் யாரிடமும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பெண்களில் யாருக்காவது இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. அவர்களை இருட்டில் யார் வெளியே விட்டார்கள், தெரிந்துகொள்வதற்கு?

இருட்டில் தெரியாதது மட்டும் என்றால் நானும் ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். பகலிலேயே ஆட்கள் திடீர் திடீரென்று பக்கத்தில் முளைக்க ஆரம்பித்தார்கள். மண்டியில் மூட்டை தடுக்கி விழுந்தேன். கை கொடுக்க வந்தவர் கையைப் பார்க்காமல் போய் அவரிடம் பகை வந்தது. அதன் பிறகுதான் யாருக்கும் சொல்லாமல் வேலூர் போனேன்.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. "சொந்தத்துல கட்டினீங்களா?" கண்ணுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சல் வந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்குகிற திரை ஓரத்திலிருந்து வாடிக்கொண்டு வருகிறது. முதலில் இருட்டு போகும், பிறகு பக்கவாட்டுப் பார்வை போகும், நடுவில் ஒரு வட்டம் மட்டும் கொஞ்ச காலம் நிற்கும். நிறுத்துவதற்கு மருந்து இல்லை. வழிவழியாக வருவது. கடைசியாக, எழுந்து கதவு வரை வந்தவனைக் கூப்பிட்டு, "பாப்பாவையும் ஒருதரம் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க" என்றார்.

பஸ்ஸில் மலை ஏறும்போது என் கண்ணைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். அவள் அப்பாவின் கைகள் அவளுக்குத் தெரியாதா?

"அவளுக்கு இன்னாங்க? நல்லாத்தான கீறா. ஊசில நூலு கோத்துத் தர்றதே அவதான்."

"டாக்டர் சொன்னாரு. பாத்துட்டா நிம்மதி."

"பொட்டப் புள்ள பேருல கண்ணாஸ்பத்திரி சீட்டு வாங்கினு வந்துட்டா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? பரீட்சை முடியட்டும், பாக்கலாம்."

பரீட்சை முடிந்தது. பொங்கல் முடியட்டும் என்றாள். நானும் சரி என்றேன். சரி என்று சொன்னபோது எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. பார்க்காத வரை அவளுக்கு இல்லை. எங்கள் குடும்பத்துக்கே உரிய கணக்கு அது.

மகளுக்கு என் விஷயம் தெரியக் கூடாது என்று முடிவு செய்தேன். தெரிந்தால் சாலைக்குப் போவது நின்றுவிடும். என்னால் அவள் ஓட்டம் நிற்கக் கூடாது. ஆனால் நான் படம் எடுப்பதை நிறுத்தவும் முடியவில்லை. ஏனென்றால் அந்த மாதங்களில் என் படங்கள் நன்றாக வர ஆரம்பித்திருந்தன.

குடும்பக் குழுவில் போடுவேன். வேண்டாத எதுவும் ஃபிரேமுக்குள் இல்லை, ஆளை மட்டும் கச்சிதமாக வைத்திருக்கிறாய் என்று சித்தப்பா மகன் எழுதுவான். அவன் சென்னையில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். நான் கைகூப்பும் பொம்மையைப் பதிலாகப் போடுவேன். வேண்டாதவற்றை விலக்க எனக்கென்ன தெரியும்? ஆளைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

போனுக்குத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பேன். அகல லென்ஸில் எடுத்தவற்றில் ஓரங்களிலும் ஏதாவது இருக்கும். ஒரு படத்தில் என் சைக்கிள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மாடு நின்றது. அதை நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை. இன்னொன்றில் ஒரு ஆள் பைக்கில், என் முழங்கையை இடிக்கும் தூரத்தில், வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டு போனார். மலையில் இறக்கத்தில் வருகிறவர்கள் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார்கள். சத்தம் இருக்காது. அவர் திட்டியதை, அடிவாரத்தில் ஏதோ கூப்பாடு என்று நினைத்திருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் என் மகள் சிரித்தபடி வந்துகொண்டிருந்தாள்.

ஓரங்களைப் பார்ப்பதோடு நிற்காமல் அவளையும் பார்க்க ஆரம்பித்தேன். எந்தப் படத்தில் எங்கே பார்க்கிறாள்? மாட்டைத் திரும்பிப் பார்த்தாளா? பள்ளத்தில் சக்கரம் விடாமல் ஒதுங்கினாளா? ஒதுங்கியிருந்தால் அன்று சோறு இறங்கும். பெரும்பாலும் ஒதுங்கியிருப்பாள். அதெல்லாம் நல்ல வெயிலில் எடுத்த படங்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குக் கிளம்ப எனக்கும் ஒரு காரணம் கிடைத்திருந்தது. "லைட் போயிடுச்சும்மா, இனிமே படம் வராது." பெரியப்பாவின் சாமி விளக்கைவிட, மாமனாரின் வயிற்றைவிட இது நாகரிகமான காரணம். அவளும் ஒரு நாளும் மறுத்ததில்லை. "ஆமாம்பா, லைட் போயிடுச்சு, வூட்டுக்குப் போலாம்" என்று உடனே ஷூவைக் கழற்றிவிடுவாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த மலையில் நட்சத்திரம் பார்க்கிற ஆய்வகம் ஒன்று இருக்கிறது. இருட்டு நன்றாக இருக்கும் என்றுதான் அதை இங்கே கட்டினார்களாம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சாயங்காலம் எல்லோரையும் அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நிலா சூப்பர்ப்பா. நட்சத்திரம்தான் பெருசா ஒண்ணும் இல்ல. சும்மா பில்டப்பு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வானமும் போதவில்லை என்று மண்டியில்கூடச் சொன்னேன்.

பிறகு நான் புதுப் போன் வாங்கினேன். பழையது தடுமாறுகிறது என்று வீட்டில் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. இருட்டிலும் படம் எடுக்கிற போன் அது. கடையில் மேசைக்கடியில் நீட்டிப் பார்த்தேன். என் கண்ணுக்குக் கருப்பாக இருந்த இடத்தில் ஒரு செருப்பு, ஒரு ஸ்டூலின் கால், சுருட்டி வைத்த ஒயர் எல்லாம் திரையில் தெரிந்தன. கடைக்காரருக்கு நான் ஏன் கண் கலங்கினேன் என்று புரிந்திருக்காது.

அதன் பிறகு அந்திக் கருக்கலில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர முடிந்தது. படப் பைத்தியம் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். ஆனால் அந்தப் போன் என் காரணத்தைப் பிடுங்கிக்கொண்டது. "இப்பதான் லைட் போனாலும் வருமேப்பா" என்றாள் மகள். கூடப் படிக்கிறவர்கள் சூரியன் விழும் நேரத்தில் வீடியோ போடுகிறார்களாம். நாமும் எடுக்கலாம் என்றாள்.

எடுத்தோம். மேற்கே வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே முடித்துக்கொண்டு திரும்பிவிடுவோம். நான் முன்னால் சைக்கிளில், அவள் பின்னால். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நான் வெள்ளைச் சட்டை போட்டு வர வேண்டும்.

"எடுக்கிறவன் சட்டை எந்தக் கலரா இருந்தா இன்னா?"

"போடுங்கப்பா. சொன்னா போடுங்க. வெள்ளைல லைட் பட்டு என் மேல அடிக்கும், முகம் நல்லா வரும்."

எங்கேயோ வீடியோவில் பார்த்திருப்பாள் என்று நம்பிவிட்டேன். மனைவிதான் முணுமுணுத்தாள். மண்டிக்காரனுக்குத் தினம் வெள்ளைச் சட்டை துவைத்துப் போடுவது லேசா? அத்துடன் வாசல் வரை வந்து எப்போதும் சொல்வதைச் சொல்வாள். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க." அதை அவள் என்னைப் பார்த்துத்தான் சொல்வாள். என்னைத் தாண்டி மகளின் மேல் போய்ப் பார்வை நிற்கும்.

தை மாதக் கடைசி. கொள்ளு அறுவடை நடந்துகொண்டிருந்தது. மலையில் களம் இல்லாதவர்கள் பிடுங்கிய கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் மிதித்து மணியைப் பிரித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் சக்கையை உதறிவிட்டு, கொள்ளை ரோட்டோரமாகக் குவித்து, படுதா போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விடிந்ததும் வந்து அள்ளுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

அன்று நாங்கள் போனபோது ஒரு அம்மா செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், சக்கரத்துல போற பாப்பா இந்தப் பக்கம் வராம பாத்துக்குங்க. கொள்ளு உருட்டி வுட்டுடும்."

மகள் ஷூவைக் கழற்றி அந்த இடத்தை நடந்தே தாண்டினாள். மேலே போய் நெடுநேரம் எடுத்தோம். நல்ல வீடியோக்கள் வந்தன. போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. ஏதோ ஒரு வெறி அன்று இருவருக்கும். கடைசியாக ஒன்று வேண்டும் என்றாள். வளைவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மேட்டில் அவள், பின்னால் சிவந்த வானம். அவள் கருப்பு உருவமாக இறங்கி வர வேண்டும்.

"அப்பா, நீங்க நின்னுகினுதான எடுப்பீங்க?"

"ஆமாம்மா."

"ரோட்டுல நில்லுங்க. ஓரமாப் போகாதீங்க."

நான் சைக்கிள் மணி அடித்தால் அவள் கிளம்ப வேண்டும் என்று பேச்சு. நான் சைக்கிளில் இறங்கிப் போனேன். வளைவில் திரும்பி நின்றேன். மேற்கே சிவப்பு மட்டும் கண்ணில் பட்டது. கீழே ரோடு இருக்க வேண்டிய இடம் பழுப்பாக ஒரே குழைவாக இருந்தது. போனைத் தூக்கிப் பார்த்தேன். நின்றபடி பிடித்தால் அவளுக்குப் பின்னால் வானம் வரவில்லை, மலையின் கருப்புதான் வந்தது. தரையோடு பிடித்தால் வானம் முழுக்க வரும். அவளே கற்றுக் கொடுத்ததுதான். சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரோட்டில் குப்புறப் படுத்தேன். ஒரு கையால் சைக்கிள் மணியை எட்டி அடித்தேன். மறு கையால் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

சக்கரங்களின் சத்தம் வந்தது. அது எனக்குப் பழகிய சத்தம். வேகமாக ஆரம்பித்தது, பிறகு ஏனோ மெதுவானது. பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். கல்லில் இரும்பு உரசும் சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. எழுந்து நாலு எட்டு வைத்து நின்றுவிட்டேன். ரோடு எங்கே முடிகிறது, சரிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் மகள் கூப்பிடும் தூரத்தில் விழுந்து கிடக்கிறாள், எனக்கு அவளைத் தெரியவில்லை. இதைவிடக் கேவலமாக நான் என்றுமே உணர்ந்ததில்லை. போனைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தேன். திரையில் ரோடு வந்தது. படுதா போட்ட குவியல் வந்தது. பாதி ரோட்டை அடைத்து வரிசையாக வைத்த கற்கள் வந்தன. அந்தக் குவியலை ஒட்டித்தான் சற்று முன் நான் சைக்கிளில் வந்திருக்கிறேன். கற்களுக்கு இந்தப் பக்கம், சரிவின் விளிம்பில், கையை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பார்த்த படத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையில் வானத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைப் பூட்டினால்தான் ஆள் கருப்பாக விழும், அதை மறந்துவிட்டேன். அதனால் போன் தன் இஷ்டத்துக்கு இருட்டையெல்லாம் வெளிச்சமாக்கிவிட்டது. அவள் கருப்பு உருவமாக விழவில்லை. முகம், கண், கல், படுதாவின் சுருக்கம் எல்லாம் துல்லியமாக விழுந்தன. கட்டத்தில் அவள் நிற்கிற இடம் சரி, முன்னால் விட்ட இடம் சரி. அந்த இடத்தில்தான் கற்கள் இருக்கின்றன. அவள் நேராக அவற்றின் மேலேதான் பார்த்துக்கொண்டு வருகிறாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, கால் ஒதுங்கவில்லை. கைகள் இரண்டும் கொஞ்சம் முன்னால் நீட்டியிருக்கின்றன, தோள் துண்டைச் சரி செய்வது போல.

அவளிடம் போய்ச் சேர்ந்தேன். மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"எங்கப்பா போனீங்க? நின்னுகினு எடுக்கிறேன்னு சொன்னீங்களே."

"படுத்துட்டேம்மா. வானம் வரல."

"சட்டையே தெரியல. சட்டை எங்கன்னு தேடிகினே வந்தேன்."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. முகத்தில் வெளிச்சம் அடிக்கும் என்பதெல்லாம் கதை. அந்தி நேரத்தில் அவள் ரோட்டைப் பார்த்து ஓடவில்லை. என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். நானோ திரையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"கல்லு தெரியலையாம்மா?"

"இருட்டுல எப்படிப்பா தெரியும்? யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? எல்லாருக்கும் அப்படித்தானே."

எல்லோருக்கும் அப்படி இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். டாக்டர் சொன்னதையும், அவளைக் கூட்டி வரச் சொன்னதையும், பரீட்சையையும் பொங்கலையும் சொன்னேன். அவள் நட்சத்திரம் நிஜமாகவே நிறைய இருந்ததா என்று மட்டும் கேட்டாள். நிறைய இருக்கும் என்றேன். நானும் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது என்றேன்.

மேற்கிலிருந்த சிவப்பும் போய்விட்டது. சரிவிலிருந்து காற்று ஏறி வந்தது, கீழே எங்கோ சருகில் எதுவோ நடந்தது. அவளை ரோட்டின் நடுப்பக்கம் நகர்த்தலாம் என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு வருகிற வண்டியை நினைத்துப் பயமாக இருந்தது. மலைப் பக்கமாக ஒட்டி உட்கார வைத்தேன். டார்ச் போட்டேன். சார்ஜ் இல்லை என்று போன் மறுத்துவிட்டது. கேமராவைத் திறந்தேன். அதையும் மறுத்தது. மூலையில் சிவப்பாக ஒரு கீற்று மட்டும் இருந்தது. ஒரு போன் பேசலாம், அவ்வளவுதான் தாங்கும்.

வீட்டுக்குப் போட்டேன். மணி அடிக்கும்போது மகள் என் முழங்கையைத் தொட்டாள்.

"அப்பா, சைக்கிள் பஞ்சர்னு சொல்லுங்க. அம்மா பயந்துக்கும்."

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியப்பாவை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆனால் காரணம் கையில் தயாராக இருந்தது. நல்ல காரணம்தான், மனைவியும் நம்பியிருப்பாள். அல்லது நம்பியதாகச் சொல்லியிருப்பாள்.

"எங்க கீறீங்க? பொழுது சாஞ்சுப் போச்சே" என்றாள் மனைவி எடுத்தவுடன்.

"ரோட்டுலதான். கொள்ளு போட்டிருந்த வளைவுல. பாப்பா வுழுந்துட்டா, கையில அடி. யாரையாவது வெளிச்சம் எடுத்துகினு அனுப்பு. எங்களுக்குக் கண்ணு தெரியல."

அந்த வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மறுமுனையில் பாத்திரம் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ரெண்டு பேருக்குமா?"

ஆமாம் என்றேன். அதோடு போன் அணைந்துவிட்டது. அது அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்கு அப்போது தெரியாது.

"அம்மா இன்னா சொன்னாங்க?" என்றாள் மகள்.

"ஆள் அனுப்புவா."

அவள் அடிபடாத கையால் துழாவி என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் வரும் வரை அதை விடவில்லை.